டொராண்டோவில் உங்கள் முதல் இலையுதிர்காலம்: வீட்டிலும் தெருவிலும் தவறவிடக் கூடாதவை

ஆகஸ்ட் மாதம் கனடாவுக்கு வந்து இறங்குபவர்களிடம் எல்லோரும் பனிக்காலத்தைப் பற்றியே பேசுவார்கள். எந்த ஜாக்கெட் வாங்குவது, பூட்ஸ் எங்கே மலிவு, காருக்கு எந்த டயர் என்று. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தப் பனிக்காலத்துக்கு முன்னால், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை, ஒரு பருவம் முழுசாக இருக்கிறது. இங்கே எல்லோரும் 'ஃபால்' என்று சொல்லும் அந்த இரண்டு மாதம்தான், என்னைக் கேட்டால், இந்த ஊரின் சிறந்த காலம். கொசு குறைந்துவிடும், புழுக்கம் போய்விடும். ஒரு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வெளியே நடக்கலாம்.

ஒரே சிக்கல், இந்தப் பருவத்தில் எதுவும் நமக்காகக் காத்திருக்காது. ஆப்பிளுக்கு ஒரு காலம், மீனுக்கு ஒரு காலம், இலைக்கு ஒரு வாரம். 'அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் ஒரே காற்று மழையில் மரம் மொட்டையாகிவிடும். அதனால் இதைத் தேதி வரிசையிலேயே எழுதுகிறேன். கார் இல்லாதவர்கள், பேஸ்மென்ட்டிலோ அடுக்குமாடியிலோ குடியிருப்பவர்கள், இப்போதுதான் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இதில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் இருப்பவர்களுக்கும் பொருந்தும். குப்பை எடுக்கும் நாள், பட்டாசு விதி போன்றவை மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

செப்டம்பர்: முதலில் கறிவேப்பிலையைக் காப்பாற்றுங்கள்

கோடையில் தொட்டியில் கறிவேப்பிலை வாங்கி பால்கனியிலோ பின்கட்டிலோ வைத்திருந்தால், முதல் வேலை அதுதான். உறைபனி வரும்வரை பொறுத்திருக்கக் கூடாது. இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னாலே செடி உள்ளே வந்துவிட வேண்டும். டொராண்டோவில் அது செப்டம்பர் இரண்டாம் பாதியிலேயே நடந்துவிடும்.

அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தில் அசுவினி, செதில் பூச்சி, சிலந்திப் பேன் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே அவற்றைத் தின்ன வேறு பூச்சிகள் இருந்தன. வீட்டுக்குள் ஹீட்டர் சூட்டில் கேட்பார் இல்லாமல் பெருகும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலைகளைக் கழுவி, சில சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஒரு நாள் நிழலில் வைத்துப் பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அங்கே வையுங்கள். தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், உரம் வேண்டாம். அக்டோபரில் இலை மஞ்சளாகிக் கொட்டும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வசந்தத்தில் துளிர்க்கும்.

தக்காளிச் செடி வைத்திருந்தால் அதை உள்ளே கொண்டுவரும் வேலை தேவையில்லை. பழுக்காத காய்களை எல்லாம் பறித்துவிடுங்கள். பச்சைத் தக்காளித் துவையலுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆப்பிள் பறிக்கப் போவது

டொராண்டோவைச் சுற்றி ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் நாமே பறித்துக்கொள்ளும் ஆப்பிள் தோட்டங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், அல்லது ஒரு பை விலைக்கு வாங்கி அது நிரம்பும்வரை பறித்துக்கொள்ளச் சொல்வார்கள். சில இடங்களில் இரண்டும் உண்டு. போவதற்கு முன் அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். எந்த வகை இன்று பறிக்கலாம், முன்பதிவு வேண்டுமா, வங்கி அட்டை எடுப்பார்களா என்று மூன்றும் அதில் இருக்கும்.

ஆப்பிள் என்றால் எல்லாம் ஒன்றல்ல. செப்டம்பர் முற்பகுதியில் மெக்கின்டாஷ் வரும். இது இந்த மாகாணத்தின் சொந்தப் பிள்ளை: 1811இல் ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி கிழக்கு ஒன்டாரியோவின் டன்டெலா என்ற இடத்தில், காட்டை வெட்டித் திருத்தும்போது கண்டெடுத்த கன்றிலிருந்து வந்தது. புளிப்பும் இனிப்பும் கலந்து மெதுவாக இருக்கும், சமைத்தால் குழைந்துவிடும். அதற்குப் பின்னால் காலா, ஹனிகிரிஸ்ப். அப்படியே கடித்துத் தின்ன ஹனிகிரிஸ்ப்பை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. அக்டோபர் கடைசியில் நார்தர்ன் ஸ்பை வரும், வேகவைத்தாலும் உருக்குலையாது.

பறிக்கும் முறை: பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகுங்கள். பழுத்திருந்தால் காம்போடு தானாகக் கையில் வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், அடுத்த ஆண்டின் மொட்டும் சேர்ந்து பிய்ந்துவிடும். மரத்தில் ஏறக் கூடாது, கிளையை உலுக்கக் கூடாது. மாமரத்தில் ஏறிப் பழகிய நமக்குக் கை துறுதுறுக்கும், ஆனாலும் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கேள்வி எழும்: இவ்வளவு ஆப்பிளை என்ன செய்வது? அடிபட்டவற்றைத் தனியே எடுத்து முதலில் தீர்த்துவிடுங்கள். நல்லவற்றைப் பிரிட்ஜின் காய்கறி அறையில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். புளிப்பான பச்சை ஆப்பிள் கிடைத்தால் தோலோடு பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் வெந்தயப்பொடியும் போட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாய் தோற்றது. ஆனால் இது பரணில் வைக்கும் ஊறுகாய் இல்லை, பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

தோட்டத்துக் கடையில் விற்கும் ஆப்பிள் சைடரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். வடிகட்டாத ஆப்பிள் சாறுதான் அது, மது இல்லை. மது உள்ளதை 'ஹார்ட் சைடர்' என்று தனியாகச் சொல்வார்கள். சுக்கும் பட்டையும் தட்டிப் போட்டுச் சூடாக்கிக் குடித்துப் பாருங்கள்.

ஆற்றில் ஏறி வரும் மீன்

இதைப் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு யாருமே சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, ஒன்டாரியோ ஏரியில் வளர்ந்த சினுக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக நகருக்குள் ஓடும் ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு ஏறி வருகின்றன. கையளவு மீன் இல்லை, ஒரு சின்னக் குழந்தையின் எடை இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, வாலை அடித்துக்கொண்டு போகும். பார்க்க டிக்கெட் இல்லை.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஹைலண்ட் கிரீக் பக்கத்திலேயே ஓடுகிறது. மார்னிங்சைட் பூங்காவிலோ கர்னல் டான்ஃபோர்த் பூங்காவிலோ இறங்கி ஓடையோரம் நடந்தால் போதும். மேற்குப் பக்கம் இருப்பவர்கள் ஹம்பர் ஆற்றுக்குப் போகலாம். ஓல்ட் மில் சப்வே நிலையத்தில் இறங்கி, எட்டியன் புரூலே பூங்கா வழியாக வடக்கே நடந்தால் ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணைகள் வரும். மீன் துள்ளிக் குதித்துத் தாண்டப் பார்ப்பதை அங்கேதான் காணலாம். கார் இருந்தால் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் போர்ட் ஹோப் நகரம். கனராஸ்கா ஆற்றில் கார்பெட் அணைக்கட்டு என்று கேளுங்கள், மீன் ஏறுவதற்கென்றே ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள்.

எப்போது போவது? நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, காலை வேளையில். மழை இல்லாவிட்டால் தண்ணீர் குறைந்து மீன் ஏரி முகத்திலேயே நின்றுவிடும். வெளிச்சம் தண்ணீரில் பளபளத்து மறைத்தால் போலராய்டு கண்ணாடி உதவும். ஆற்றுக்குள் இறங்காதீர்கள், குழந்தைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் இருந்தால் கயிற்றில் பிடியுங்கள். பிடித்துக் குழம்பு வைக்கலாமா என்ற கேள்வி நம்மவர்கள் எல்லோருக்கும் வரும். மீன்பிடிக்க உரிமம் வேண்டும், ஆற்றின் பல பகுதிகளில் அந்தப் பருவத்தில் தடை உண்டு. தவிர, ஆறு ஏறும் சால்மன் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டு உடம்பில் உள்ளதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ருசி இருக்காது.

கரையோரம் செத்துக் கிடக்கும் மீன்களைப் பார்த்துக் குழந்தைகள் கேட்பார்கள். முட்டையிட்டதும் அவை இறந்துவிடும் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: இந்த மீனும் இந்த ஊருக்கு வந்து குடியேறியதுதான். ஏரியின் பூர்வீக அட்லாண்டிக் சால்மன், அணைகளாலும் காடழிப்பாலும் அளவுக்கு மீறிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் இங்கே அற்றுப்போனது. பசிபிக் கடற்கரையைச் சேர்ந்த சினுக்கை 1960களின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

இலை பார்ப்பது: தொலைவுக்கு ஓடாதீர்கள்

இலைக்காலம் என்றதும் எல்லோரும் அல்கான்குவின் பூங்காவுக்குக் கிளம்புவார்கள். 1893இல் தொடங்கிய, ஒன்டாரியோவின் முதல் மாகாணப் பூங்கா. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே சுகர் மேப்பிள் மரங்கள் உச்ச நிறத்துக்கு வருவது செப்டம்பர் கடைசி வாரம், அக்டோபர் முதல் வாரம். நம்மவர்கள் போவது அக்டோபர் இரண்டாம் வார இறுதியில், அறுவடைக்கு நன்றி சொல்லும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு. அதற்குள் சிவப்பில் பாதி தரைக்கு வந்திருக்கும். மூன்று மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகும். பகல்நேர அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்காவிட்டால் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். போவதென்றால் ஒரு வாரநாளில், சீட்டு எடுத்துக்கொண்டு, ஒன்டாரியோ பார்க்ஸ் வெளியிடும் இலை நிற அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதல் ஆண்டு அதெல்லாம் வேண்டாம் என்பேன். டொராண்டோ நகருக்குள் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசிவரை, அதுவும் பஸ் தூரத்தில். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. நுழைவு இலவசம். மிருகக்காட்சி சாலைக்கு அருகில் தொடங்கும் விஸ்டா பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். வழியில் ஒரு மரமேடை, அதில் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் கண்ணுக்குக் கீழே விரியும். வயதான பெற்றோரையும் மெதுவாகக் கூட்டிப் போகலாம். நடுநகரில் இருப்பவர்களுக்கு ஹை பார்க், டான் பள்ளத்தாக்கில் பிரிக் வொர்க்ஸ்.

இரண்டு எச்சரிக்கை. ரூஜ் பக்கம் உண்ணிகள் உண்டு. அவற்றில் சில லைம் நோயைப் பரப்பும். குளிர் வந்துவிட்டது, செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள், வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் இருந்தாலே அவை நடமாடும். முழுநீளக் கால்சட்டை போட்டு அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கக்கம், குழந்தைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இரண்டாவது, பாய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலைகள், இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பு. குழந்தைகள் இலை பொறுக்கும்போது முதலில் கை போவது அதில்தான். தொட்டால் நாள்கணக்கில் கொப்புளமும் அரிப்பும் பாடாய்ப்படுத்தும். தரையோரம் மூன்று மூன்றாக நிற்கும் எதையும் தொடக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்டால் சுருக்கமாக: பகல் குறையத் தொடங்கியதும் மரம் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் ஏற்கெனவே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போது புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் ஆண்டில் சிவப்பு அதிகம்.

உங்கள் தெருவிலேயே குழந்தைகளோடு ஒரு விளையாட்டு ஆடலாம். இன்னும் பசுமையாக இருக்கும் மேப்பிள் இலையைக் கிள்ளி, காம்பை ஒடித்துப் பாருங்கள். எருக்கிலை போல வெள்ளைப் பால் வந்தால் அது நார்வே மேப்பிள், ஐரோப்பாவிலிருந்து வந்து தெருவெல்லாம் பரவிய மரம். பால் வராவிட்டால் சுகர் மேப்பிளாகவோ வேறு உள்ளூர் வகையாகவோ இருக்கும். 2013இல் கனடாவின் புதிய பிளாஸ்டிக் நோட்டில் இருப்பது நார்வே மேப்பிள் இலை என்று தாவரவியலாளர்கள் சொல்லி ஒரு சலசலப்பே நடந்தது. பல மேப்பிள்களைக் கலந்து வரைந்த பொது வடிவம் அது என்று மத்திய வங்கி சமாளித்தது. சட்டைப்பையில் இருக்கும் நோட்டை எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொறுக்கி வந்த இலைகளைப் பாடம் செய்ய: ஈரம் துடைத்து, செய்தித்தாள் இரண்டுக்கு நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். நடுவில் ஒருமுறை தாளை மாற்றினால் பூஞ்சை பிடிக்காது. நவராத்திரி பெரும்பாலும் இதே பருவத்தில்தான் வருகிறது. கொலுப்படியின் ஓரத்துக்கு, பொம்மைப் பூங்காவுக்கு, கதவுத் தோரணத்துக்கு இந்த இலைகள் அருமையாகப் பொருந்தும். கடையில் வாங்கும் ஜிகினாத் தோரணத்தைவிட எவ்வளவோ மேல்.

தேங்க்ஸ்கிவிங்

கனடாவில் இது அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. 1957இல் நாடாளுமன்றம் அப்படி நிர்ணயித்தது; அமெரிக்காவில் நவம்பரில் வருவது வேறு. திங்களன்று ஒன்டாரியோவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பாலும் காய்கறியும் ஞாயிறே வாங்கிவிடுங்கள். யாராவது சாப்பிட அழைத்தால் தயங்காமல் போங்கள். சைவமாக இருந்தால் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை, அவர்களும் தவறாக நினைக்க மாட்டார்கள். கையில் ஒரு பாத்திரம் எலுமிச்சை சாதமோ வடையோ எடுத்துப் போனால் அடுத்த ஆண்டும் அழைப்பு வரும்.

பூண்டு நடுவது

குளிர் வரும்போது விதைப்பதா என்று தோன்றும். பூண்டுக்கு அதுதான் வேண்டும். மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் ஒரு பல் பல பல்லாகப் பிரியும். அக்டோபர் நடுவிலிருந்து கடைசிவரை, நிலம் உறைவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் நட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் இறக்குமதிப் பூண்டு இந்தக் குளிருக்கு ஏற்றதாக இருக்காது. உழவர் சந்தையில் ஒன்டாரியோ ஹார்ட்நெக் பூண்டு கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான், இரண்டு பூண்டு போதும். பல் பல்லாகப் பிரித்து, தோல் உரிக்காமல், கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு சாண் இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக ஊன்றுங்கள். மேலே காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ கனமாகப் போர்த்திவிட்டு மறந்துவிடலாம். ஜூனில் சுருண்டு வரும் பூத்தண்டை வெட்டிப் பொரியலில் போடலாம், ஜூலையில் கிழங்கைத் தோண்டலாம். வாடகை வீடானால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அறுவடையில் பங்கு என்றால் மறுக்க மாட்டார்.

அதே நாளில் டாஃபடில், டியூலிப் கிழங்குகளையும் நட்டுவிடலாம்: கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். டியூலிப்பை அணில் தோண்டித் தின்றுவிடும், டாஃபடிலைத் தொடாது. எது வைப்பது என்று உங்கள் தெரு அணில்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பூசணியும் ஹாலோவீனும்

அக்டோபர் 31 மாலை குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்பார்கள். நம்மவர்களில் சிலர் பேய் விழா என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவரவர் விருப்பம். ஆனால் ஆண்டு முழுதும் முகம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று பேசும் ஒரே நாள் அது. புதிதாக வந்தவர்களுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கோரமுகம் வரைந்த பூசணியை வாசலில் வைப்பதிலும் நமக்கு என்ன புதுமை? கட்டுகிற வீட்டுக்கு முன்னால் திருஷ்டிப் பூசணி தொங்கவிட்ட ஊரிலிருந்துதானே வருகிறோம்.

பூசணியில் இரண்டு வகை. செதுக்குவதற்கென்று விற்கும் பெரியது நீர்த்துப்போய் நாராக இருக்கும், சமையலுக்கு ஆகாது. பை பம்ப்கின் என்று எழுதியிருக்கும் சின்னது இனிப்பாக, கெட்டியாக இருக்கும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் அதையே வாங்குங்கள். பெரியதை முன்பே வாங்கி வைக்கலாம், ஆனால் செதுக்குவது 29ஆம் தேதி வாக்கில்தான். அதற்கு முன் செதுக்கினால் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கும், அணில்களும் விருந்து வைத்துவிடும்.

செதுக்க மேஜையில் செய்தித்தாள் விரியுங்கள். காம்புப் பக்கம் வெட்டாமல் அடியிலோ பின்பக்கத்திலோ வட்டமாக வெட்டினால் பூசணி உள்ளே சரியாமல் நிற்கும். ஐஸ்கிரீம் கரண்டியால் விதையையும் நாரையும் சுரண்டி எடுத்து, முகம் வரப்போகும் பக்கத்தை ஓர் அங்குல கனத்துக்கு மெலிதாக்குங்கள். பேனாவால் முகத்தை வரைந்து, சின்ன ரம்பப் பல் கத்தியால் மெதுவாக அறுங்கள். டாலர் கடையில் இதற்கென்றே கிட்டும், சமையலறைக் கத்தி வழுக்கிக் கையில் ஏறிவிடும். வரைவதைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு அறுப்பதை நீங்கள் செய்யுங்கள். உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. விதைகளை எறிய வேண்டாம். கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்ப்பொடி, கொஞ்சம் கறிவேப்பிலை பிசிறி, 165 டிகிரி செல்சியஸ் அவனில் இருபது இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறிவிட்டால் மொறுமொறுவென்று வரும்.

மாலை ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும்போது வருகை ஆரம்பமாகும், எட்டு எட்டரைக்குள் அடங்கும். வாசல் விளக்கு எரிந்தால் 'வாருங்கள்' என்று பொருள், அணைந்திருந்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கொடுக்க விருப்பமில்லையா, விளக்கை அணைத்துவிட்டால் போதும். கொடுப்பதானால் கடையில் விற்கும் தனித்தனி உறை போட்ட சிறு சாக்லேட்டுகள்தான், அதுவும் நிலக்கடலை இல்லாதவை. ஒவ்வாமை உள்ள குழந்தைகள் நிறைய. வீட்டில் செய்த முறுக்கும் லட்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முன்பின் தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவார்கள், அதை நண்பர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குழந்தைகள் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அடுக்குமாடியில் பெரும்பாலும் கீழே வரவேற்பறையில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள், பங்கேற்பவர்கள் வீட்டு எண்ணை எழுத வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு வேஷ உடை வாங்கும்போது ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஜாக்கெட் போட வேண்டியிருக்கும். கையில் ஒரு டார்ச். முகமூடியைவிட முகத்தில் வர்ணம் பூசுவது நல்லது, பிள்ளைக்குக் கண் மறைக்காது. வீட்டுக்கு வந்து நீங்கள் ஒருமுறை பார்த்த பிறகுதான் மிட்டாய் தின்னலாம் என்று பேசி வையுங்கள்.

சில ஆண்டுகளில் தீபாவளியும் இதையொட்டி வந்துவிடும். 2024இல் இரண்டும் ஒரே நாள். வாசலில் ஒரு பக்கம் பூசணி, மறுபக்கம் அகல்விளக்கு என்று வைத்தால் வருகிற குழந்தைகளே என்னவென்று கேட்பார்கள். பட்டாசு மட்டும் பார்த்துச் செய்யுங்கள். டொராண்டோவில் சொந்த இடத்தில் அனுமதி இல்லாமல் வெடிக்க முடிவது விக்டோரியா தினத்திலும் கனடா தினத்திலும்தான். பிராம்ப்டனில் தனிநபர் பட்டாசுக்கு 2022 முதல் முழுத் தடை. மத்தாப்பு உட்பட எதையும் கொளுத்துவதற்கு முன் உங்கள் நகராட்சி விதியைப் படித்துவிடுங்கள்.

நவம்பர் 1 அன்று மேற்கு டொராண்டோவின் சோராரன் பூங்காவில் அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி விளக்கேற்றுவார்கள். இப்போது வேறு பல பூங்காக்களிலும் இது நடக்கிறது. உங்கள் பக்கம் உண்டா என்று நூலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். முடிந்ததும் பூசணி, உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்குப் போகும், விளக்கை எடுத்துவிட்டுப் போடுங்கள். நடுத்தெருவில் போட்டு உடைப்பது இந்த ஊரில் திருஷ்டி கழிப்பதாகாது. அன்று கடைகளில் மிட்டாய் பாதி விலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர்: கடிகாரமும் இலைப் பையும்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி, 1 மணியாகிவிடும். கைபேசி தானாக மாறும், அடுப்பிலும் காரிலும் இருப்பதை நீங்கள் மாற்ற வேண்டும். அன்றே புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் மாற்றிவிடுவது இங்கே வழக்கம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்ள நேர வித்தியாசம் ஒன்பதரை மணியிலிருந்து பத்தரை மணியாகும். இங்கே இரவு 8 என்றால் அங்கே அம்மா எழுந்து காப்பி போடும் ஆறரை. மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் என்பதால் வெளி நடையை மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை, முற்றத்து இலை. விழுந்ததை எல்லாம் வார வேண்டியதில்லை. செடிப் பாத்திக்கு மேல் கொஞ்சம் விட்டுவைத்தால் பூச்சிகளுக்குப் போர்வை, மண்ணுக்கு உரம். புல்வெளி, நடைபாதை மேல் கிடப்பதை மட்டும் குவித்து, குழந்தைகளை ஒரு மணி நேரம் அதில் குதிக்கவிட்டு, பிறகு கட்டுங்கள். அதற்கு முன் குவியலுக்குள் கல், குச்சி கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் பழுப்பு நிறக் காகிதப் பையில்தான் போட வேண்டும்; பிளாஸ்டிக் பையில் கட்டினால் டொராண்டோவில் எடுக்க மாட்டார்கள். ஒரு பை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ஈர இலை அந்த எடையைச் சீக்கிரம் தொட்டுவிடும். தெருவில் தள்ளிவிடுவது கூடாது, வடிகால் அடைத்துக்கொள்ளும். உங்கள் வாசலில் உள்ள வடிகால் வாய் மேல் இலை மூடியிருந்தால் மழைக்கு முன் வாரியால் விலக்கிவிடுங்கள்.

பக்கத்தில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்கள் முற்றத்தையும் சேர்த்து வாரிவிடலாமா என்று கதவைத் தட்டிக் கேளுங்கள், கேட்காமல் இறங்கிவிடாதீர்கள். சிலருக்கு அந்த வேலைதான் வாரத்து உடற்பயிற்சி. முற்றக் கழிவு எடுக்கும் வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும், டிசம்பர் நடுவாக்கில் நின்றுவிடும். உங்கள் தெருவுக்கான கடைசி நாள் நகராட்சியின் கழிவு சேகரிப்பு நாள்காட்டியில் இருக்கிறது. முந்தைய நாள் இரவே பையைச் சாலையோரம் வைத்துவிடுங்கள், காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டி வந்துவிடக்கூடும்.